பார்த்தால் ஓடாத தறி

வேடியப்பன் முதலில் உடைத்தது, மின்னலைகளைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பை. அது என்ன கருவி என்று அவனுக்குத் தெரியாது. மேசைமேல் இருந்தவற்றில் அதுதான் பெரிதாக இருந்தது. கையிலிருந்த இரும்புக் குழாயை ஓங்கி இறக்கினான். திரை நொறுங்கி, கண்ணாடித் தூள் சத்யப்ரியாவின் மடியில் கொட்டியது. அவனோடு வந்தவர்கள் சுவரோரம் நின்ற இரும்பு அலமாரியைச் சாய்த்தார்கள். டப்பாக்களில் பிரித்து வைத்திருந்த சிப்புகளும் ஒயர்களும் தரையெங்கும் சிதறின.

ஆரணி பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாவு மில்லின் மாடியில் இருந்தது அந்தப் பட்டறை. சத்யப்ரியாவும் அவள் கணவன் சிவகுமாரும் பட்டு நெய்கிற விசைத்தறிகளுக்கான கட்டுப்பாட்டுப் போர்டுகளை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். எந்த இழையைத் தூக்க வேண்டும், எங்கே பூ விழ வேண்டும், இழை அறுந்தால் எப்போது தறியை நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்வது அந்தப் போர்டுதான். உள்ளங்கை அகலம்கூட இருக்காது. நடுவில் ஒரு சிப். அதற்குள் சத்யப்ரியா எழுதிய புரோகிராம்.

"யாருங்க நீங்க? இன்னா பண்றீங்க?" என்று சிவகுமார் குறுக்கே போனான்.

குழாயின் அடுத்த அடி அவன் நெற்றியில் விழுந்தது. சுவரில் மோதி உட்கார்ந்தான். இமைமேல் ரத்தம் இறங்க, கண்ணைத் திறக்க முடியாமல் கையால் துழாவினான். அவனைத் தூக்கப் போன சத்யப்ரியாவின் தலைமுடியை வேடியப்பன் பிடித்து இழுத்தான்.

"எங்க மாப்ள கையத் தின்னுடுச்சு உங்க மிசினு. நிறுத்தி வெச்ச தறி தானா ஓடிச்சு. ஏன் ஓடிச்சு, சொல்லு."

"தெரியாது."

"நீதான செஞ்ச?"

"நான்தான் செஞ்சேன். ஏன் ஓடுச்சுன்னு சத்தியமா தெரியாது. பாத்தாதான் தெரியும். இப்பவே அடிச்சிப் போட்டுட்டீங்கன்னா பாக்கறதுக்கு ஆள் இருக்காது."

அவள் பயத்தில் சொன்ன வார்த்தைதான் அது. ஆனால் அவன் பிடி தளர்ந்தது. போர்வெல் லாரியில் வேலை செய்கிறவன். தோளும் கழுத்தும் ஒன்றாகச் சேர்ந்த உடம்பு. மூச்சு வாங்க அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாரு. பாத்துட்டு எனக்குச் சொல்லு. பொய் சொன்னீன்னா அப்பால உன் கை."

அவர்கள் இறங்கிப் போனார்கள். கீழே மாவு மில் எதுவும் நடக்காதது போல அரைத்துக்கொண்டிருந்தது. அவள் தன் துப்பட்டாவைக் கிழித்து சிவகுமாரின் தலையைச் சுற்றிக் கட்டினாள்.

வேடியப்பனின் தங்கை ஸ்வர்ணலதாவின் கணவன் சின்னதுரை. முதலாளி கந்தசாமியின் விசைத்தறி ஷெட்டில் தறி ஓட்டுகிறவன். அன்று காலை ஓர் இழை அறுந்து தறி நின்றது. நிற்க வேண்டியதுதான், போர்டு சரியாகவே நிறுத்தியது. பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் மறுபடி ஓட வேண்டும். சின்னதுரை பக்கவாட்டில் குனிந்து, பல்சக்கரங்களுக்கு இடையே கையை விட்டு, சிக்கியிருந்த பட்டு நூலை எடுத்துக்கொண்டிருந்தான். சக்கரத்துக்கு மூடி ஒன்று உண்டு. எண்ணெய் விடுவதற்குத் தொந்தரவாக இருக்கிறதென்று அதை எப்போதோ கழற்றியிருந்தார்கள். பக்கத்துத் தறியை யாரோ போட்டார்கள். அந்த நொடியில் சின்னதுரையின் தறி துள்ளி ஓடியது. சக்கரம் விரல்களைப் பிடித்தது, மணிக்கட்டை இழுத்தது, முழங்கை வரை உள்ளே வாங்கிக்கொண்டு நின்றது. கரன்டை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றித்தான் அவனை வெளியே எடுத்தார்கள். ஒவ்வொரு பல்லும் திரும்பும்போது அவன் கத்தியதை, ஷெட்டில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட்டார்கள்.

சிவகுமாருக்கு ஆரணி அரசு ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். தையல் போடும்போதே போலீஸில் புகார் கொடுக்கச் சொன்னான்.

"கொடுக்கலாம்," என்றாள் சத்யப்ரியா. "மொதல்ல அது ஏன் ஓடுச்சுன்னு பாத்துடறேன்."

"அவன் என் மண்டைய உடைச்சிருக்கான் ப்ரியா."

"தெரியும். அங்க ஒருத்தனுக்குக் கையே போச்சு."

அவனைப் படுக்க வைத்துவிட்டு அவள் கந்தசாமியின் ஷெட்டுக்குப் போனாள். மற்றத் தறிகளெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. சின்னதுரையின் தறியில் மட்டும் ரத்தம் தெறித்த அளவுக்குப் புடவையை வெட்டி எடுத்திருந்தார்கள். தரையைக் கழுவியும் சக்கரங்களின் பல்லிடுக்கில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்க்காமலிருக்க முயன்று, போர்டைக் கழற்றினாள்.

கந்தசாமி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. குரலை உயர்த்தாமல் பேசுகிற மனிதர்.

"ஏம்மா, அந்தப் பசங்க உங்க கடைல பூந்து அடிச்சாங்களாமே. கேட்டு மனசு கஷ்டமா போச்சு. நான் போலீஸ்ல சொல்லிட்டேன். சின்னதுரை தண்ணி போட்டிருந்தான், இடிச்சிகினு பட்டன அமுக்கிட்டான். உன் போர்டு மேல ஒரு தப்பும் இல்ல. நீயும் அதையே சொல்லிடு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"அவரு குடிச்சிருந்தாரா சார்?"

"குடிக்காதவன் யாரு இருக்கான்?"

அவளுக்குச் சரி என்று சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. சொல்லியிருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். எழுந்து வெளியே வரும்போது தறியோட்டி ஒருவன் அவள் காதருகே குனிந்து, "இந்தத் தறிங்க அப்பப்ப ஒரு குலுக்கு குலுக்கும்மா. கை இல்லாத நேரமா பாத்து குலுக்கிச்சு, நாங்களும் வுட்டுட்டோம்," என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டான்.

பட்டறையில் உடையாத மேசை ஒன்றை நிமிர்த்தி, போர்டை ஒரு சின்ன மோட்டாரோடு இணைத்தாள். சிப்புக்குள் ஓடுகிற புரோகிராமை வெளியிலிருந்து பார்ப்பதற்கு ஒரு கருவி வேண்டும். அதற்கு டீபக்கர் என்று பெயர். ஒரு பக்கம் போர்டிலும் மறு பக்கம் லேப்டாப்பிலும் செருகினால், புரோகிராம் இப்போது எந்த வரியில் நிற்கிறது, எந்த இடத்தில் என்ன மதிப்பு இருக்கிறது என்று திரையில் காட்டும். அவளிடம் இருந்தது சென்னையில் வாங்கிய நீல நிறக் குச்சி. வேறெதையோ பார்த்துச் செய்த நகல். இதுவரை செய்த ஒவ்வொரு போர்டையும் அந்தக் குச்சியைச் செருகித்தான் அவள் சோதித்திருந்தாள்.

போர்டு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நிறுத்தினால் நின்றது. பட்டனை அழுத்தினால் மட்டுமே ஓடியது. மறுநாள் காலையிலிருந்து மதியம் வரை மோட்டாரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மதியம் வேடியப்பன் வந்தான். இந்த முறை தனியாக. கவிழ்ந்து கிடந்த அலமாரி மேலேயே உட்கார்ந்தான்.

"இன்னா ஆச்சு?"

"நல்லாதான் ஓடுது."

"அப்ப எங்க மாப்ள பொய் சொல்றான்றியா?"

"நான் அப்டி சொல்லலயே."

அவன் எழுந்து வந்து அவள் முழங்கையை முறுக்கி, கையை மோட்டாரின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "வையி. நல்லாதான் ஓடுதுன்ற இல்ல? உன் கைய உள்ள வெச்சி சொல்லு."

அவள் திமிறினாள். இழுபறியில் அவள் முழங்கை பட்டு நீலக் குச்சி போர்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு விழுந்தது. அதே நேரம் கீழே மில்காரர் இன்னொரு மெஷினைப் போட்டார். மாடி விளக்கு ஒரு தரம் மங்கியது. யாரும் பட்டனைத் தொடவில்லை. மோட்டார் உறுமிக்கொண்டு சுழன்றது. சக்கரத்தின் விளிம்பு சத்யப்ரியாவின் ஆள்காட்டி விரலைச் சீவிவிட்டுப் போனது.

வேடியப்பன் அவளை விட்டுவிட்டுப் பின்வாங்கினான். அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு மோட்டாரையே பார்த்தாள். அது சில நொடி ஓடித் தானாகவே நின்றது.

"ஓடிச்சு," என்றான் அவன். "அவன் சொன்ன மாறியே ஓடிச்சு."

அவள் குச்சியை மறுபடி செருகினாள். கீழே போய் மில்காரரிடம் மெஷினை நிறுத்திப் போடச் சொன்னாள். மோட்டார் அசையவில்லை. குச்சியைப் பிடுங்கிவிட்டுப் போடச் சொன்னாள். ஓடியது. திரும்பத் திரும்ப அப்படியேதான். கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். விரலிலிருந்து ரத்தம் சுடிதாரில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா ஆச்சுன்னு எனக்குப் புரியற மாறி சொல்லு," என்றான் வேடியப்பன்.

"பக்கத்துல பெரிய மோட்டார் போட்டா கரன்டு ஒரு நொடி தாழும். அப்ப இந்த சிப்பு செத்துப் பொழைக்குது. அந்த நேரத்துலதான் ஏதோ ஆவுது. ஆனா இந்தக் குச்சிய சொருகி வெச்சிருந்தா, லேப்டாப்லருந்து போர்டுக்குக் கரன்டு குடுத்துகினே இருக்கு. அதனால சாவறதே இல்ல. நான் இத்தன நாளா குச்சிய சொருகிகினுதான் பாத்தேன். பாக்கும்போது ஓடாது. நான் பாக்காதப்பதான் ஓடும்."

"அப்ப குச்சிய தூக்கிப் போடு."

"போட்டா உள்ள இன்னா நடக்குதுன்னு தெரியாது. எத மாத்தணும்னும் தெரியாது."

முதலில் அவள் குச்சியின் சிவப்பு ஒயரை வெட்டிப் பார்த்தாள். கரன்டு கொடுக்கிற ஒயர் அது. வெட்டிய குச்சியை எடுத்துக்கொண்டு, கந்தசாமி காஞ்சிபுரம் போயிருந்த நேரமாகப் பார்த்து ஷெட்டுக்குப் போய் ஒரு தறியில் செருகினாள். பக்கத்துத் தறியைப் போட்டதும் பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம். குச்சி கருகிப் பிளந்தது. லேப்டாப் திரை அணைந்து, ஓரத்திலிருந்து புகை வந்தது. தறியின் ஏறி இறங்கும் கரன்டும் லேப்டாப்பும் அந்தக் குச்சி வழியாக ஒன்றாகிவிட்டன. அவள் கை தோள்வரை மரத்துப்போயிருந்தது.

அன்று மாலை அவள் பெங்களூரில் இருக்கும் சிவசங்கரிக்குப் போன் செய்தாள். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவள். இப்போது கார்களுக்கு போர்டு செய்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறாள். சத்யப்ரியா எல்லாவற்றையும் அவளிடம் சொன்னாள்.

"எங்கிட்ட ரெண்டு டீபக்கர் இருக்கு," என்றாள் சிவசங்கரி. "ஒண்ணு ரொம்ப வேகம். சிப்பு செய்ற ஒவ்வொரு வேலையையும் ஒண்ணு விடாம பதிவு பண்ணிக்கும். நீ பின்னாடி ஓட்டிப் பாக்கலாம். எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. இன்னொண்ணு பழசு. மெதுவா இருக்கும். ஆனா அதுக்கு நடுவுல தடுப்பு இருக்கு. போர்டு பக்கத்துக் கரன்டு லேப்டாப் பக்கம் வராது, லேப்டாப் பக்கத்துது போர்டுக்குப் போகாது. போர்டுல எவ்ளோ வோல்டேஜ் இருக்குன்னு அளக்கும், அவ்ளோதான். ஒரு துளிகூட குடுக்காது."

"சிப்பு செத்துட்டா?"

"மெதுவானது காத்துகினு இருக்கும். சிப்பு எழுந்ததும் அத நிறுத்தாம, ரீசெட் பண்ணாம, அப்டியே போய் ஒட்டிக்கும். வேகமானது அந்த இடத்துல குழம்பிடும். மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கும்."

சிவகுமார் தலைக்கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தான். "வேகமானதையே வாங்கு," என்று முணுமுணுத்தான். "எல்லாத்தையும் பதிவு பண்ணுதுன்னா அதுக்குமேல இன்னா வேணும்?"

"அதுக்குத் தடுப்பு இல்ல சிவா. இன்னொரு லேப்டாப்பும் போவும். அது மட்டும் இல்ல. எனக்கு வேகம் வேணாம். போர்டு சாவும்போது அதுக்கு உதவி செய்யாத ஒண்ணு வேணும். செத்து எழும்போது பக்கத்துல இருக்கணும்." போனில் சொன்னாள்: "மெதுவானத அனுப்புடி."

பஸ்ஸில் போட்டு அனுப்பினாள் சிவசங்கரி. வேலூரில் போய் வாங்கி வந்தவன் வேடியப்பன். ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, அந்தப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு ஆரணி வரை வந்தான். அதைச் சத்யப்ரியாவின் கையில் கொடுத்தான்.

கந்தசாமி முதலில் ஷெட்டுக்குள் விட மறுத்தார். வேடியப்பன் போய் வாசலில் நின்றான். அவன் பின்னால் தறியோட்டிகள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். காலைக் கரன்டு வெட்டு முடிந்து தறிகளைப் போடுகிற நேரம் அது. "ஜல்தியா பாத்துட்டுப் போங்க," என்றார் கந்தசாமி.

சின்னதுரையின் தறியில் போர்டை மறுபடி மாட்டினாள். அதில் சிவசங்கரியின் டீபக்கரைச் செருகினாள். சாம்பல் நிற, சோப்பு டப்பா அளவுப் பெட்டி. சிவகுமாரின் பழைய லேப்டாப்பைச் சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் வைத்தாள். பல்சக்கரத்துக்கு இடையே, கை இருந்த இடத்தில், ஒரு மூங்கில் கழியை வைத்தான் வேடியப்பன்.

"யாரும் இந்தத் தறி கிட்ட வராதீங்க. மத்தத எல்லாம் ஒண்ணொண்ணா போடுங்க."

முதல் தறி ஓடியது. லேப்டாப் திரையில் வோல்டேஜைக் காட்டும் கோடு கொஞ்சம் தாழ்ந்து மீண்டது. அடுத்தடுத்து ஓடின. கோடு இன்னும் தாழ்ந்தது. பக்கத்துத் தறியின் மோட்டார் இழுத்தபோது கோடு குப்புற விழுந்தது. திரையில் எல்லா எண்களும் மறைந்தன. உடனே திரும்பி வந்தன. சிப்பு எழுந்துகொண்டிருந்தது. புரோகிராமின் முதல் வேலை, மெமரி கார்டிலிருந்து புடவையின் டிசைனைப் படிப்பது. அதற்குச் சில நொடி ஆகும். அதைப் படித்து முடித்த பிறகுதான் மோட்டாரை நிறுத்திப் பிடிக்கும் வரி வருகிறது. அதுவரை மோட்டாருக்குப் போகிற கம்பியை நிறுத்திப் பிடிக்க எதுவும் இல்லை.

அவள் அந்த வரியைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோதே தறி துள்ளியது. மூங்கில் பிளந்து, நார்நாராகக் கிழிந்து, சிராய்கள் சுவர்வரை தெறித்தன. ஒரு சிராய் கந்தசாமியின் கன்னத்தில் கோடு போட்டது. பச்சைப் பட்டனுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"நான் எழுதினதுதான் தப்பு," என்றாள் சத்யப்ரியா. தறிச் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "மொதல்ல மோட்டாரப் புடிச்சிட்டு அப்பறம்தான் டிசைன் படிச்சிருக்கணும். நான் முன்ன பின்ன மாத்தி எழுதிட்டேன். மோட்டார் கம்பிய புடிச்சி வெக்க போர்டுலயும் ஒரு ரெசிஸ்டர் போட்டிருக்கணும், போடல. போர்டுக்குத் தனி லைன் இழுக்கச் சொன்னேன், நீங்க மோட்டார் லைன்லயே குடுத்திருக்கீங்க சார். எல்லாத் தறியும் இப்டித்தான் இருக்கு. எல்லாத்தையும் நிறுத்துங்க."

"இந்தத் தறிய நிறுத்திக்கிறேன்."

"எல்லாத்தையும்."

"ஆவணி முகூர்த்தம் வருதும்மா. எல்லாத்தையும் நிறுத்திட்டு நான் இன்னா பண்றது? ரிப்பேர் பண்ணு, ஒண்ணொண்ணா மாத்தலாம். அதுவரிக்கும் கைய வுடாம ஓட்டச் சொல்றேன்."

அவள் பையிலிருந்து ஒயர் வெட்டும் கட்டரை எடுத்து, அடுத்த தறிக்குப் போய், போர்டிலிருந்து மோட்டாருக்குப் போகிற ஒயரைத் துண்டித்தாள். தறி நின்றது. அதற்கடுத்த தறியில் கை வைத்தபோது கந்தசாமி ஓடி வந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தார். திரும்பியவளைப் புறங்கையால் அறைந்தார். மோதிரம் பட்டு உதடு கிழிந்தது. அவள் தறியின் இரும்புச் சட்டத்தில் விழுந்தாள். முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது. துப்பிவிட்டு, எழுந்து, அந்த ஒயரையும் வெட்டினாள். அவர் மறுபடி கை ஓங்கினார்.

அந்தக் கையை வேடியப்பன் பிடித்தான்.

ஷெட் மேஸ்திரி ஒரு கட்டையை எடுத்து வேடியப்பன் முதுகில் அடித்தார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு அடி தலையில் விழுந்தது. தறியோட்டிகள் மேஸ்திரியைக் கீழே தள்ளி மிதித்தார்கள். நூல் கண்டுகள் உருண்டன, யாரோ யார் மேலேயோ விழுந்தார்கள். அதற்குள் வேடியப்பன் கந்தசாமியைத் தரதரவென்று சின்னதுரையின் தறிக்கு இழுத்துப் போயிருந்தான். முட்டியை அவர் முதுகில் ஊன்றி, அவர் வலது கையை மூங்கில் பிளந்த இடத்தில், பல்சக்கரங்களுக்கு நடுவே திணித்தான்.

"வையிடா. கைய வுடாம ஓட்டச் சொல்றியே. வெச்சிப் பாரு எப்டி கீதுன்னு."

கந்தசாமி அலறினார். சக்கரத்தின் பற்கள் புறங்கையில் பதிந்து ரத்தம் கசிந்தது. ஷெட் அப்படியே உறைந்து நின்றது. அந்தத் தறிக்குக் கரன்டு இருந்தது. வேறு ஏதாவது ஒரு தறி நின்று கிளம்பினால் போதும், இது துள்ளும் என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசி வரிசையில் இழை அறுந்து ஒரு தறி அப்போதுதான் நின்றது. அதை ஓட்டியவன் பட்டனிலிருந்து கையை எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

"அண்ணா," என்று கத்தினாள் சத்யப்ரியா. வாய் நிறைய ரத்தம். "அது எப்ப ஓடும்னு எனக்கே தெரியாது. எட்த்துடுங்க."

"ஓடட்டும்."

"ஓடினா உங்க கையும் போவும். உங்க கையும் உள்ள கீது பாருங்க."

அவன் குனிந்து பார்த்தான். அவன் விரல்களும் கந்தசாமியின் மணிக்கட்டோடு சேர்ந்து சக்கரத்துக்குள் இருந்தன. ஆனாலும் எடுக்கவில்லை. சத்யப்ரியா கீழே கிடந்தவர்களைத் தாண்டி, ஷெட்டின் மறுகோடிக்கு ஓடினாள். மெயின் சுவிட்சின் இரும்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள். அது துருவேறி இறுகியிருந்தது. தன் உடம்பின் முழு எடையையும் போட்டுத் தொங்கியபோதுதான் இறங்கியது.

எல்லாத் தறிகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த அமைதியில் கந்தசாமி முனகுவதும், வேடியப்பன் வாய்விட்டு அழுவதும் கேட்டன. அவனாகவே கையை எடுத்தான். கந்தசாமியின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, உட்கார வைத்தான். பிறகு அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டான். போலீஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

ஸ்டேஷனில் சத்யப்ரியா தன் வாக்குமூலத்தைத் தானே எழுதினாள். புரோகிராமில் தன் தப்பு என்ன, போர்டில் என்ன குறை, கரன்டு இணைப்பை எப்படி மாற்றியிருந்தார்கள், சக்கர மூடி ஏன் இல்லை எல்லாவற்றையும் எழுதினாள். சின்னதுரை பட்டனைத் தொடவில்லை என்பதைத் தனி வரியாக எழுதினாள். சிவகுமார் அதை வாங்கிப் படித்தான்.

"நாம முடிஞ்சோம் ப்ரியா. இனிமே எவனும் நம்மகிட்ட போர்டு வாங்க மாட்டான்."

"ஆமா," என்றாள். "நீ வேடியப்பன் மேல புகார் குடுக்கறதுன்னா குடு. நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்."

அவன் கொடுத்தான். வேடியப்பன் வேலூர் ஜெயிலுக்குப் போனான். கந்தசாமியின் மேலும் வழக்குப் போட்டார்கள்; அவர் கையில் கட்டோடு முன்ஜாமீன் வாங்கினார். அந்த வழக்குகள் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன.

உதட்டு வீக்கம் வடிவதற்கு முன்பே சத்யப்ரியா வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சின்னதுரை ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தான். போர்வைக்கு வெளியே ஒரு கைதான் தெரிந்தது. ஸ்வர்ணலதா அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஷெட்டில் நடந்ததைக் கேள்விப்பட்டிருந்தவள், சத்யப்ரியாவின் கிழிந்த உதட்டைப் பார்த்ததும் யார் என்று புரிந்துகொண்டாள். கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அந்த போர்ட செஞ்சது நான்தான்," என்றாள் சத்யப்ரியா. வேறெப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சின்னதுரை அவளைத் திட்டவில்லை. தலையைத் தலையணையிலிருந்து தூக்கினான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் பட்டன தொட்டனா?"

"இல்லண்ணா."

"இடிச்சிகினனா? முட்டி கிட்டி பட்டுச்சா? நெஜத்த சொல்லு. எனக்கே இப்ப தெரியல. போலீஸு கேக்கறான், டாக்டரு கேக்கறாரு, இவளும் கேக்கறா. நல்லா யோசிச்சிப் பாருன்றாங்க. யோசிச்சி யோசிச்சி, தொட்டிருப்பேன் போலன்னு ஆயிப்போச்சு."

"நீங்க தொடல. உங்க தறியிலயே வெச்சிப் பாத்தோம். பட்டன் பக்கத்துல ஆளே இல்ல, ஓடுச்சு. போர்டுதான் ஓட்டுச்சு. எல்லாரும் பாத்தாங்க. கந்தசாமி சாரும் பாத்தாரு. எழுதியும் குடுத்துட்டேன்."

அவன் தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடினான். கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. அதைத் துடைக்க வலது தோள் அசைந்தது. துடைக்கக் கை இல்லை. ஸ்வர்ணலதா முந்தானையால் துடைத்தாள்.

"நானும்தான் கேட்டேன்," என்றாள் அவள், கணவனிடம். "ஏன் கேட்டேன்னு தெரியல. மன்னிச்சிக்கோ."

பிறகு சத்யப்ரியாவிடம் திரும்பினாள். "உங்கள பாத்தா எனக்கு அறையணும்போல கீது. ஆனா அவரு இன்னிக்குத்தான் கண்ண மூடிப் படுத்திருக்காரு. நீங்க கெளம்புங்க."

சத்யப்ரியா கிளம்பினாள்.

பக்கத்து ஊர்களான தேவிகாபுரத்திலும் தேசூரிலும் அவர்கள் விற்ற போர்டுகள் இன்னும் தறிகளில் இருந்தன. மறுநாள் காலை அவளும் சிவகுமாரும் ஸ்க்ரூடிரைவர் பையோடு தேவிகாபுரம் பஸ்ஸில் ஏறினார்கள். முதல் வீட்டிலேயே தறிக்காரர் கதவை மறித்துக்கொண்டு நின்றார். நன்றாக ஓடுகிற தறியை ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்டார். சிவகுமார் தலைக்கட்டைக் காட்டிச் சண்டை போட ஆரம்பித்தான். சத்யப்ரியா வீங்கிய வாயால், ஒரு மனிதனின் கைக்கு என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே நின்று, கடைசியில் உள்ளே திரும்பி, தறியில் உட்கார்ந்திருந்த மகளை எழுந்து வெளியே வரச் சொன்னார்.